அத்திக்கு ஒரு கராஜ்

ஒக்டோபர் 6, ஞாயிறு

கொன்ஸெற்றா வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெற்றுவிட்டார். பள்ளிக்கூடச் சமையலறையில் இத்தனை வருடமாக என் பக்கத்தில் நின்று சூப் கிண்டியவர். போகும்போது எனக்கு ஓர் அத்தி மரத்தைத் தந்துவிட்டுப் போனார். மரம் என்றால் என் இடுப்பளவு உயரம், ஒரு பெரிய கறுப்புச் சாடியில். தன் வீட்டு மரத்தில் கிளை வெட்டி வேர் பிடிக்க வைத்ததாம். இலைகள் விரல் விரித்த கை மாதிரி இருக்கின்றன.

குளிர் தாங்கும் இனம் என்றார். ஆனால் நிலத்தில் நின்றால்தான் வேர் தாங்கும். சாடியில் நின்றால் ரொறன்ரோக் குளிரில் வேர் உறைந்துவிடும். வீட்டுக்குள்ளும் வைக்கக்கூடாது. மரத்துக்கு நித்திரை வேண்டும், சூட்டில் அதற்கு நித்திரை வராது. குளிராகவும் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. இவ்வளவு நொட்டை சொல்லும் மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

எதை எப்போது செய்தேன் என்று எழுதி வைக்கச் சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கொப்பி. மரத்தைப் பற்றி மட்டும்.

ஒக்டோபர் 19, சனி

பல்கனியில் நிற்கிறது. தண்ணீர் ஊற்றினேன். ஓர் இலை மஞ்சள்.

நவம்பர் 10, ஞாயிறு

இலைகள் எல்லாம் விழுந்துவிட்டன. செத்துவிட்டது என்று நினைத்துக் கொன்ஸெற்றாவுக்குப் போன் அடித்தேன். “இல்லை, படுக்கப் போகிறது. இனி ஒரு குளிர்ந்த இடம் தேடு” என்றார்.

எங்கே தேடுவது? இந்தக் கட்டடத்தில் பத்தாவது மாடி. ஹீற்றரைக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை; தை மாதத்திலும் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கும் வீடு. பல்கனியில் விட்டால் உறையும்.

நவம்பர் 15, வெள்ளி

இன்று கொன்ஸெற்றா எல்லோரையும் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். அந்த நேரம் குகதாசனும் இருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சமையலறையில் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போவார். நான் போட்டுக் கொடுப்பது. நான்தான் அங்கே தமிழ் ஆள், அதனால்.

கொன்ஸெற்றா கூரையைப் பார்த்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: இந்த மரத்துக்கு ஒரு குளிர்ந்த கராஜ் வேண்டும், யாரிடம் இருக்கிறதோ தெரியவில்லை.

குகதாசன் தேநீரை வைத்தார்.

“என்னட்ட ஒண்டு இருக்கு. வான் வண்டி வெளியிலதான் நிக்கும். மரம் நிக்கலாம்.”

“உங்களுக்குக் கரைச்சல்” என்றேன்.

“மரம் என்ன, சத்தம் போடுமோ?”

கொன்ஸெற்றா என்னைப் பார்த்து ஏன் சிரித்தார் என்று விளங்கவில்லை.

நவம்பர் 30, சனி

தன் வான் வண்டியைக் கொண்டுவந்து மரத்தை ஏற்றினார். எலிவேற்றரில் நானும் அவரும் மரமும். மூன்றாவது மாடியில் ஏறிய சீனப் பெண்மணி கொப்புகளுக்கிடையில் எங்களுக்கு வணக்கம் சொன்னார்.

வீடு சின்னது, ஒற்றை மாடி. தாயாரைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவர். தம்பிமாரை எல்லாம் கனடாவுக்குக் கூப்பிட்டுக் கலியாணம் கட்டி வைத்தார், தான் கட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. தாயார் போய் இரண்டு வருடம்.

கராஜ் துப்பரவாக இருந்தது. மூலையில் மரத்துக்கென்று ஒரு பலகை போட்டிருந்தார், சீமெந்துக் குளிர் வேரில் ஏறாமல். நான் அதைச் சொல்லவே இல்லை, தானாக யோசித்திருக்கிறார். நடுவில், காய் சுண்டி விளையாடும் ஒரு கரம் போர்ட்.

“உள்ள வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்” என்றார்.

“வேண்டாம். நான் மரத்துக்குத்தானே வந்தனான்.”

தனியாக இருக்கும் ஆம்பிளையின் வீட்டுக்குள் போக எனக்கு என்ன அலுவல்? அவர் உள்ளே போய், இரண்டு கோப்பையோடு கராஜுக்கே திரும்பி வந்தார். கோட்டும் தொப்பியும் போட்டபடி நின்று குடித்தோம்.

மாதத்தில் ஒருதரம் ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். அதற்கு மேல் ஊற்றினால் வேர் அழுகும்.

டிசம்பர் 7, சனி

மண் காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். காயவில்லை.

டிசம்பர் 14, சனி

மண் காயவில்லை. கரம் ஒரு ஆட்டம் ஆடினோம். கையுறை போட்டுக்கொண்டு சுண்டினால் காய் போகாது. கழற்றினால் விரல் விறைக்கும். ஒருவர் ஆடும்போது மற்றவர் கையைக் கோட்டுக்குள் வைத்திருக்கலாம் என்று ஒழுங்கு செய்துகொண்டோம். சிவப்புக் காயை நான் போட்டேன். பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதியில் கரம் ஆட்டத்தில் நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

“உங்களோட விளையாடுறது நட்டம்” என்றார். நல்ல சந்தோஷமாகச் சொன்னார்.

டிசம்பர் 22, ஞாயிறு

மகள் லக்சனா ஒட்டாவாவிலிருந்து போன் எடுத்தாள். நேற்று எங்கே போயிருந்தேன் என்று கேட்டாள். மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற என்றேன்.

“அம்மா, போன சனியும் தண்ணி ஊத்தத்தானே போனீங்கள்? மாசத்தில ஒருக்கா எண்டு சொன்னீங்கள்.”

“பாக்கவும் வேணுமெல்லோ பிள்ளை.”

“இலை இல்லாத மரத்தில என்னத்தைப் பாக்கிறது?”

இந்தப் பிள்ளைக்குப் பயிர் பச்சை பற்றி ஒன்றும் தெரியாது.

அவர்கள் புது வீடு வாங்குகிறார்களாம். வைகாசியில் குடிபோவார்கள். எனக்கு ஓர் அறை இருக்கிறதாம். வேலையை விட்டுவிட்டு வந்துவிடச் சொன்னாள். அங்கே குளிர் இன்னும் அதிகம், மரம் தாங்காது என்றேன். தங்கள் வீட்டிலும் கராஜ் இருக்கிறது என்றாள்.

ஜனவரி 25, சனி

இதை எழுதக் கை இன்னும் ஒழுங்காக வளையவில்லை.

காலையில் குகதாசன் எடுத்தார். நேற்றுப் பின்னேரம் கராஜ் கதவின் ஸ்பிரிங் அறுந்து, கதவு பாதியில் சரிந்து நிற்கிறது. திங்கட்கிழமைக்கு முன்னம் திருத்த ஆள் வராது. வெளியே மைனஸ் இருபத்தாறு. “கம்பளி, பழைய மெத்தை எல்லாத்தாலயும் மரத்தைச் சுத்தி விட்டிருக்கிறன். ஆனா இரவு முழுக்கக் காத்து உள்ள அடிச்சது. சாடியைத் தனியத் தூக்கிப் படி இறக்க ஏலாமக் கிடக்கு” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. தன் பிள்ளையைக் காய்ச்சலில் விட்டவர் மாதிரி.

பஸ் பிடித்துப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கதவின் கீழே நின்று தோளால் அதை மேலே தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இரும்பு கிறீச்சிட்டது.

“இஞ்சருங்கோ, விடுங்கோ. விட்டிட்டு இஞ்சால வாங்கோ.”

அவர் விலகினார். கதவு இன்னும் ஒரு முழம் இறங்கி, டமார் என்று நின்றது. அவர் நின்ற இடத்தில்.

நாங்கள் இரண்டு பேரும் கதவைப் பார்க்கவில்லை. ‘இஞ்சருங்கோ’ என்று ஒரு பெண் கூப்பிடும் ஆள் ஒருவர்தான். நான் அப்படிக் கூப்பிட்டது லக்சனாவின் அப்பாவை மட்டும். அவர் போய் எட்டு வருடம். அந்தச் சொல் எனக்குள் இன்னும் இருந்தது என்றே எனக்குத் தெரியாது.

“மரத்தைத் தூக்குவம்” என்றார் குகதாசன், தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பக்கக் கதவால் வீட்டுக்குள் கொண்டுபோனோம். நிலவறைக்கு இறங்கும் படியின் திருப்பத்தில் ஒரு குளிர்ந்த இருட்டு இடம் இருக்கிறது. அங்கே வைத்தோம். பிறகு அவர் தேநீர் போட்டார். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். தட்டுகள் காயவைக்கும் இடத்தில் ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கரண்டி.

அவசரத்துக்குத்தான் உள்ளே போனது.

பெப்ரவரி 15, சனி

மரம் இப்போது வீட்டுக்குள் இருப்பதால், உள்ளே போகாமல் தண்ணீர் ஊற்ற முடியாது. கதவைத் திருத்தியாகிவிட்டது. ஆனால் மரத்தைத் திரும்பத் திரும்ப இடம் மாற்றுவது அதற்குக் கூடாது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம்.

கரம் போர்ட்டும் உள்ளே வந்துவிட்டது. இடியப்பமும் சொதியும் செய்திருந்தார். சொதி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதை நான் சொல்லவில்லை. இரண்டாம் தரமும் வாங்கினேன்.

மார்ச் 15, சனி

பனி. அரைக் கோப்பைத் தண்ணீர்.

ஏப்ரல் 12, சனி

நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார் கொன்ஸெற்றா. பச்சையாக இருந்தால் உயிர், மண்ணிறமாக இருந்தால் இல்லை. உச்சியில் சுரண்டினேன், மண்ணிறம். கொஞ்சம் கீழே, மண்ணிறம். நடுவில், மண்ணிறம். குகதாசன் டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தார். அடிவரை வந்துவிட்டேன். மண்ணோடு ஒட்டிய இடத்தில் பச்சையா மண்ணிறமா என்று தெளிவாகச் சொல்ல முடியாத ஒரு நிறம்.

“பச்சை” என்றார் அவர்.

“உங்களுக்கு அது பச்சையாத் தெரியுதோ?”

“எனக்குத் தெரியுது.”

செத்த கொப்புகளை வெட்டினேன். சாடியில் ஒரு சாண் கட்டைதான் மிச்சம். அவர் வெட்டிய கொப்புகளை எறியாமல் சுவரோடு சாத்தி வைத்தார். “என்ர கதவாலதான்” என்றார். குளிர் செய்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்றேன். சாப்பிடாமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான், அவரைத் தனியே விட்டு வந்திருக்கக்கூடாது என்று பட்டது.

மே 4, ஞாயிறு

வெளியே எல்லா மரமும் துளிர்த்துவிட்டது. சாடியை அவருடைய வீட்டுப் பின்வளவில் நிழலில் வைத்திருக்கிறோம். ஒன்றும் இல்லை.

லக்சனா வீட்டுக்குப் பால் காய்ச்சப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று கேட்டாள். உனக்குப் பிடித்ததை அடி என்றேன். அம்மா, அது உங்கட அறை என்றாள்.

மே 19, திங்கள். ஒட்டாவா

நல்ல வீடு. பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. மருமகனுக்குப் பெரிய சந்தோஷம். என் அறை இளம் மஞ்சள். ஜன்னலால் ஒரு பூங்கா தெரிகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் லக்சனா அப்பாவின் படத்தைக் கொழுவி வைத்திருக்கிறாள். பிள்ளை எல்லாம் யோசித்துச் செய்திருக்கிறாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம்.

குகதாசன் ஒவ்வொரு நாளும் பின்னேரம் எடுத்து மரத்தின் நிலைமை சொல்கிறார். இண்டைக்கும் ஒண்டும் இல்லை என்றார். போனை வைத்த பிறகு லக்சனா கேட்டாள்:

“ஒண்டும் இல்லை எண்டு சொல்லுறதுக்கு அரை மணித்தியாலமா அம்மா?”

“மழை பெய்ததையும் சொன்னவர்.”

மே 22, வியாழன். ஒட்டாவா

ஒன்றும் இல்லை. அங்கே வெயிலாம். பஸ்ஸில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததாம்.

மே 24, சனி. ஒட்டாவா

மத்தியானம் மணி அடித்தது. நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். லக்சனா போய்த் திறந்தாள். “அம்மா, ஒரு ஆள் பூச்சாடியோட நிக்கிறார்” என்றாள்.

குகதாசன். இஸ்திரி போட்ட சேர்ட். கையில் அந்தக் கறுப்புச் சாடி.

“காலமை பாத்தன், அடியில ரெண்டு துளிர். போட்டோ எடுத்தன். போட்டோவில வடிவாத் தெரியேல்ல. அதுதான் கொண்டு வந்தனான்.”

ரொறன்ரோவிலிருந்து. வானில் மரத்துக்கு முன் சீற்றில் பெல்ட் போட்டு. வழியில் கோப்பி குடிக்க இறங்கும்போதும் ஏ.சியை நிறுத்தாமல் விட்டுப் போனாராம், துளிர் வாடிவிடும் என்று.

குனிந்து பார்த்தேன். கட்டையின் அடியில், மண்ணைப் பிளந்துகொண்டு, சுருட்டிய இரண்டு பச்சை. ஒவ்வொன்றும் பச்சை மிளகாயின் காம்பளவு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கையில் வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

சாப்பிட வைத்தோம். லக்சனா ஒரு வழக்கறிஞர் மாதிரிக் கேள்வி கேட்டாள். எந்த ஊர், எப்போது வந்தீர்கள், எத்தனை சகோதரம், பிரஷர் இருக்கா, சீனி இருக்கா. பிரஷர் கொஞ்சம் இருக்கு, சீனி இல்லை என்று அவர் ஒழுங்காகப் பதில் சொன்னார். ஏன் கலியாணம் கட்டவில்லை என்றும் கேட்டுவிட்டாள். நான் அவளை முறைத்தேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

“முந்தி நேரம் இல்லை பிள்ளை. பேந்து, ஆரும் கேக்கேல்ல.”

பாத்திரம் கழுவும்போது லக்சனா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அவர் மரத்தைக் காட்டத்தான் வந்தவரோ?”

“ஓம்.”

“சரி” என்றாள். பிறகு ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

நாளைக்கு நான் அந்த வானிலேயே ரொறன்ரோ போகிறேன். பஸ் ரிக்கற் வீண். மரத்தை மடியில் வைத்திருக்க ஓர் ஆள் தேவை.

ஜூன் 8, ஞாயிறு

துளிர்கள் ஒரு சாண் வளர்ந்துவிட்டன. மூன்றாவதும் வந்திருக்கிறது.

குகதாசன் பின்வளவில், வீட்டின் தெற்குச் சுவரோடு ஒரு குழி வெட்டி வைத்திருந்தார்.

“கொன்ஸெற்றாவோட கதைச்சனான். இந்த இனம் நிலத்தில நிக்குமாம். தெற்குச் சுவர் எண்டால் வெயில் பிடிச்சு வச்சிருக்கும். ஆனா ஒவ்வொரு மாரிக்கும் கொப்புகளை வளைச்சுக் கட்டி, சாக்கால சுத்தி, மேல மூடவேணும்.” கையில் இருந்த மண்ணைத் தட்டினார். “ஒராள் வளைச்சுப் பிடிக்கவேணும், ஒராள் கட்டவேணும். தனியச் செய்யிற வேலை இல்லை.”

“ஒவ்வொரு வரியமுமோ?”

“ஒவ்வொரு வரியமும்.”

நிலத்தில் வைத்த மரத்தைப் பிறகு எலிவேற்றரில் ஏற்ற முடியாது. ஒட்டாவாவுக்கும் கொண்டுபோக முடியாது. இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

யோசிக்கவேணும் என்றேன்.

“யோசியுங்கோ. குழி கிடக்கட்டும்.”

ஜூன் 10, செவ்வாய்

மழை. குழிக்குள் தண்ணீர் நின்றிருக்கும்.

இன்று தேநீருக்கு அவர் வந்தார். மறதியில் இரண்டு தரம் சீனி போட்டுவிட்டேன். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

ஜூன் 14, சனி

லக்சனாவுக்கு நானே எடுத்தேன். சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியாது. மரம், குழி, தெற்குச் சுவர் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். அவள்தான் இடையில் கேட்டாள்.

“அம்மா, நீங்கள் அவரைக் கட்டப் போறீங்களோ?”

“உனக்கு விருப்பமில்லை எண்டால் இல்லை.”

அவள் அழுதாள். நானும். “அந்த அறையை நான் உங்களுக்கெண்டு பாத்துப் பாத்துச் செய்தனான்” என்றாள். எனக்குத் தெரியும் பிள்ளை என்றேன். “அப்பான்ர படத்தை என்ன செய்யிறது?” என்றாள்.

“அது அங்கதான் இருக்கும். நான் வரேக்க அந்த அறையிலதானே படுப்பன். அப்பாவை நான் எங்கயும் விட்டிட்டுப் போகேல்ல.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு:

“அவருக்குச் சமைக்கத் தெரியுமோ?”

“சொதி நல்லா வைப்பார். என்னைவிட நல்லா.”

“இதை நீங்கள் ஒருத்தருக்கும் சொன்னதில்லை” என்றாள். அழுகைக்குள் சிரித்துவிட்டாள். “சரி அம்மா. சனிக்கிழமையில சனிக்கிழமையில போய்ச் செத்த மரத்துக்குத் தண்ணி ஊத்தினீங்கள். எனக்கு அப்பவே தெரியும்.”

ஜூன் 15, ஞாயிறு

சொல்லாமல் போனேன். அவர் முன்வாசலில் வானைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் நேரே பின்வளவுக்குப் போய்க் குழியைப் பார்த்தேன். தண்ணீர் வற்றியிருந்தது. அவர் குழாயைப் போட்டுவிட்டு ஈரக் கையோடு பின்னால் வந்து நின்றார்.

“ஆழம் காணாது” என்றேன்.

“என்ன?”

“குழி. ஆழம் காணாது. வேர் ஆழத்தில இருந்தால்தான் குளிர் தாங்கும். இன்னும் ஒரு முழம் வெட்டவேணும். மம்பெட்டி எங்க?”

அவர் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு ஓட்டமாகக் கராஜுக்குப் போனார். அறுபத்திரண்டு வயது ஆள் ஓடுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி வரும்போது கையில் இரண்டு மம்பெட்டி.

வெட்டினோம். சாடியைச் சரித்து, வேர்ப் பந்து உடையாமல் இறக்கினோம். மண் போட்டு மிதித்தோம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோம். கை கால் எல்லாம் சேறு. குசினியில் கழுவினேன்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

மரத்தில் ஏழு காய். ஒன்று கழுத்து வளைந்து தொங்குகிறது, தொட்டால் மெத்தென்று இருக்கிறது, அடியில் ஒரு சின்ன வெடிப்பு. பழுத்துவிட்டது.

இவர் குளிக்கிறார். வரட்டும்.